நாச்சிமுத்து வாசித்த பொரிப் பொட்டலம்

சீட்டாடினவரை எதற்காக நாலு மாதம் ஜெயிலில் வைத்தார்கள்?

ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தாமணி, "எங்கப்பா சீட்டாடி ஜெயிலுக்குப் போயிருக்காரு" என்றாள். மாமா வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் ஊரில் சீட்டாடாத ஆம்பளை குறைவு. போலீஸ் பிடித்தால் காலையில் போய் சாயங்காலம் அபராதம் கட்டிவிட்டுத் திரும்பி வருவார்கள். வசந்தாமணியின் அப்பா திரும்பி வர நாலு மாதம் ஆனது. வீட்டில் கேட்டேன். "பெரிய ஆட்டமா ஆடியிருப்பாரு, போய் வாய்ப்பாடு படி" என்றார்கள். 

போன வருடம் பிளஸ் டூ முடித்தேன். வேலை எதுவும் அமையவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுகிறேன். அப்படிச் சுற்றும்போது வசந்தாமணியின் அம்மா, அவள் அப்பாவின் பழைய கிளீனர், பட்டறைக்காரர் ஒருவர் என்று மூன்று பேரிடம் கேட்டு அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

வசந்தாமணியின் அப்பா பெயர் நாச்சிமுத்து. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்க்காரர். லாரி டிரைவர். அப்பன் விட்டுப்போன நாலு ஏக்கர் மேட்டுக்காட்டில் கிணறு வற்றிப்போன வருடம் கிளீனராக ஏறி, அப்படியே டிரைவராகிவிட்டார். பள்ளிக்கூடம் போகாதவர். கையெழுத்து மட்டும் போடுவார். அதுவும் எழுதுவது போல இருக்காது, கோலம் போடுவது போல இருக்கும்.

அவர் முகத்தைப் பார்த்தால் பாதித் தூக்கத்தில் இருக்கிறார் என்று நினைப்பீர்கள். கண் இமை எப்போதும் கொஞ்சம் இறங்கியே இருக்கும். சேலத்திலிருந்து வெறும் வண்டியாகத் திரும்பும்போது, வேலை இல்லாவிட்டாலும் பனமரத்துப்பட்டிப் பக்கம் வண்டியைத் திருப்பி ஏரிக்கரையில் நிறுத்துவாராம். தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கும் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். "எதுக்குங்க அண்ணா?" என்று கிளீனர் கேட்டால், "அந்த மலை மேல ரோடு போட்டா வண்டி மேல ஏறுமா, கீழ எறங்குமான்னு பாத்தேன்" என்பாராம்.

பம்பாய்த் துறைமுகத்தில் சரக்கு இறக்க நாலு நாள், ஐந்து நாள் காத்துக் கிடக்க வேண்டும். அங்கே கப்பலில் சமைக்கும் கோவாக்காரர் ஒருவர் அவருக்கு ஒரு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் அதைப் போக்கர் என்றார்கள். நாச்சிமுத்து அதற்கு அஞ்சு சீட்டு என்று பெயர் வைத்தார். ஆளுக்கு ஐந்து சீட்டு. ஜோடி சேர்ந்தால் நல்லது, மூன்று ஒன்றாகச் சேர்ந்தால் இன்னும் நல்லது. உங்கள் கையில் இருப்பது மற்றவனுக்குத் தெரியாது. பந்தயத்தை நடுவில் தள்ள வேண்டும். எதிராளி பயந்தால் சீட்டைக் கவிழ்த்து எழுந்துவிடுவான். பயப்படாவிட்டால் அவனும் அதே அளவு தள்ளி, "காட்டு" என்பான். கையில் ஒன்றுமே இல்லாமலும் தள்ளலாம். அதை நாச்சிமுத்து "வெறுங்கை தள்ளுறது" என்றார். எதிராளி எழுந்துவிட்டால் உங்கள் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்த ஆட்டத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆயுத பூஜைக்கு நாமக்கல் லாரிகள் எங்கே இருந்தாலும் ஊர் திரும்பும். வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு, டிரைவர்களுக்கு இரண்டு நாள் வேலை கிடையாது. அந்த இரண்டு நாளில், லாரிக்குக் கூடு கட்டும் தங்கசாமியின் பட்டறையில் நாச்சிமுத்து ஒரு போட்டி ஆரம்பித்தார். காசு கிடையாது. ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தவன் எழுந்து போக வேண்டும். கடைசியில் மிஞ்சுகிறவருக்கு ஒரு கிடாக்குட்டி. முதல் வருடம் எட்டுப் பேர் வந்தார்கள். ஐந்தாவது வருடம் பரமத்தி வேலூர், ராசிபுரம், திருச்செங்கோடு என்று நாற்பது பேர் வந்தார்கள். கூடு கட்டாத வண்டிகள் வெறும் எலும்பாக நிற்க, மரத்தூள் வாசத்தில், புது பெயிண்ட் வாசத்தில், நாற்பது பேரும் கோணி விரித்து உட்கார்ந்து கொட்டை தள்ளுவார்கள்.

"உன்ற மூஞ்சியப் பாத்து ஆடுனா கெட்டேன் மாப்ளே" என்பார் தங்கசாமி. "தூங்குறியா, முழிச்சிருக்கியான்னே தெரியல."

"எனக்கே தெரியலீங் மச்சான்" என்பார் நாச்சிமுத்து.

எழுபத்தாறாம் வருடம். நெருக்கடி நிலை. ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். எதிர்த்துப் பேசியவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். யாரைப் பிடித்தார்கள் என்று பத்திரிகையில் வராது. நாச்சிமுத்து எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. கூட்டம் நடந்தால் வண்டியை ஓரம் கட்டி நின்று கேட்பார், அவ்வளவுதான். ஆனால் ராசிபுரத்தில் அவருக்குச் சரக்கு ஏற்றிவிடும் ஒரு கணக்குப்பிள்ளை திடீரென்று காணாமல் போனார். அவர் வீட்டம்மா ரோட்டுக்கு வந்து ஒவ்வொரு லாரியாக நிறுத்தி, "எங்கூட்டுக்காரர எங்காச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டதை நாச்சிமுத்து பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்து, "பேரு கூட வெளிய வராம ஒருத்தன் உள்ள இருந்தா, அவன் ஊட்டுல சோறு எப்படி எறங்கும்?" என்று மனைவி சென்னியம்மாளிடம் கேட்டிருக்கிறார்.

சேலத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகம் ஒன்றில் மிக்கேல் என்பவர் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். லாரி போன ஊரிலெல்லாம் கேட்டு வந்து நாச்சிமுத்து வாயால் சொல்லச் சொல்ல, உள்ளே இருப்பவர்களின் ஊர், பெயர், தொழில் மட்டும் போட்டு, முப்பத்தொரு பெயர்களோடு ஒரு தாள் அடித்துத் தந்தார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். தாளை வாங்கிப்போன நாச்சிமுத்துவிடம், "என் பேர் மட்டும் வரக்கூடாதுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம்.

ஆயுத பூஜை என்றால் பொரி உண்டு. பூஜைக்கு வந்த எல்லாருக்கும் பொரியும் கடலையும் பொட்டலமாகக் கொடுப்பார்கள். பொரி கட்டத் தாள் வேண்டும். நாற்பது பேர் நாற்பது ஊருக்குப் பொட்டலத்தோடு போவார்கள். யார் சந்தேகப்படுவார்கள்?

மூன்று சாயங்காலம் சென்னியம்மாள் வாசலில் உட்கார்ந்து பொட்டலம் மடித்தார். அவர் எட்டாவது வரைக்கும் படித்தவர். மடிக்கும்போது பெயர்களைச் சத்தமாக வாசித்தார். "ராசிபுரம் அப்புசாமி, கணக்குப்பிள்ளை. சேந்தமங்கலம் காளியண்ணன், தறிக்காரர்." நாச்சிமுத்து கட்டிலில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வசந்தாமணி அந்தப் பெயர்களைப் பாட்டு என்று நினைத்து, தூக்கத்தில்கூடச் சொன்னாளாம்.

பூஜைக்கு மறுநாள் பிற்பகல். நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் எழுந்து, சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியது நாச்சிமுத்துவும் தங்கசாமியும். அப்போது ஜீப் வந்து நின்றது. சீட்டாட்டம் நடக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எஸ்.ஐ. இறங்கினார், கூட இரண்டு போலீஸ்காரர்கள். எஸ்.ஐ. ஒரு பிடி புளியங்கொட்டையை அள்ளிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்னய்யா இது, கொழம்பு வைக்கவா?"

"காசு வைக்கறதில்லீங்க சார்" என்றார் தங்கசாமி. "வெளையாட்டுக்குங்க."

அவ்வளவோடு போயிருப்பார்கள். ஆனால் பெயிண்டர் குழந்தைவேல் இருந்தார். பூஜை நாளில் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினால் அந்த வருடம் பட்டறைக்கு ஆகாது என்று நம்புகிறவர். வந்தவர் யார் என்று யோசிக்காமல், "ஏனுங்க சார், பொரி எடுத்துக்கோங்க" என்று மூன்று பொட்டலத்தை நீட்டிவிட்டார். தாளில் என்ன இருக்கிறது என்று நாற்பது பேருக்கும் தெரியும். தடுத்தால் தெரிந்துவிடும். 

எஸ்.ஐ. பிரித்தார். பொரியை வாயில் போட்டுக்கொண்டே தாளைப் பார்த்தார். மெல்லுவது நின்றது.

"இதை யாருய்யா மடிச்சது?"

மற்ற இரண்டு பொட்டலத்தையும் வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"சீட்டாட்டம்னா அபராதம். இது மிசா. அடிச்சது யாரு, மடிச்சது யாருன்னு சொல்லிட்டா மத்தவங்க வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா நாப்பது பேரும் வண்டியில ஏறுங்க."

தங்கசாமி என்னிடம் சொன்னார்: "எனக்குத் தெரியும் சாமி, மடிச்சது என்ற ஒண்ணுவிட்ட தங்கச்சி சென்னியம்மான்னு. நான் தலையக் குனிஞ்சுட்டேன். பட்டறை போயிருமேன்னு பயம். நான் எந்திரிக்கல."

நாச்சிமுத்து கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"நாந்தாங்க" என்றார். "எழுதுனது, அடிச்சது, மடிச்சது, எல்லாம் நாந்தாங்க. இவுங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாதுங்க."

"நீயா? டிரைவர்தானே நீ? எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியுங்க."

எஸ்.ஐ. தாளை அவர் முன்னால் பிடித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். "இங்கிருந்து படி."

படிக்கத் தெரியாது என்றால் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று ஆகிவிடும். அப்புறம் வீடு, சென்னியம்மாள், சேலம், மிக்கேல். நாச்சிமுத்து தாளை ஒரு நொடி பார்த்தார். அந்த எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்தது என்று பிற்பாடு சொன்னார். பிறகு எஸ்.ஐ.யின் முகத்தைப் பார்த்தார். இமை எப்போதும் போல இறங்கியிருந்தது.

"ராசிபுரம் அப்புசாமி, கணக்குப்பிள்ளை" என்று ஆரம்பித்தார். "சேந்தமங்கலம் காளியண்ணன், தறிக்காரர். எருமப்பட்டி செல்லப்பன், தபால்காரர்."

தங்கசாமி படித்தவர். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தாள் தெரிந்தது. எஸ்.ஐ.யின் விரல் ராசிபுரத்தின் மேல் இல்லை. ஐந்து வரி கீழே, ஆத்தூர்க்காரர் ஒருவர் பெயரின் மேல் இருந்தது.

நாச்சிமுத்து நிறுத்தவில்லை. அந்த ஐந்து வரியையும் தாண்டி, ஆத்தூரையும் தாண்டி, தூக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர் போல ஒரே வேகத்தில், முப்பத்தொன்றாவது பெயர் வரைக்கும் போனார். காற்றில் பொரி பட்டறைத் தரையில் உருண்டது. வெளியே மாலை போட்ட லாரிகள் வெயிலில் நின்றன. அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த முப்பத்தொரு பேரும் ஒவ்வொருவராகப் பட்டறைக்குள் வந்து கோணியில் உட்கார்ந்தது போல இருந்தது என்று தங்கசாமி சொன்னார். நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

எஸ்.ஐ. விரலை எடுத்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் படிக்கிற" என்றார். "ஏறு வண்டியில."

எஸ்.ஐ. ஏன் மேலே விசாரிக்காமல் விட்டார் என்று தெரியாது. அவருக்கு ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்திருக்கலாம். அந்த ஆத்தூர்க்காரரை அவருக்குத் தெரிந்திருக்கலாம். போலீஸ் சென்னியம்மாளைத் தேடி வரவில்லை. மிக்கேலைத் தேடியும் போகவில்லை.

சென்னியம்மாளுக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் சேலம் ஜெயில் என்று தெரிந்தது. ஊரில் என்ன சொல்வது? தாளைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போனால், யார் மடித்தது என்று அடுத்த கேள்வி வரும். அதனால், "சீட்டாடிப் புடிச்சுட்டாங்க" என்று அவரே எல்லாரிடமும் சொன்னார். அவருடைய கூடப்பிறந்த அண்ணன் வாசலில் நின்று, "சூதாடி ஊட்டுல நான் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னியம்மாள் அழவில்லையாம். "குடிக்காட்டிப் போங்க, இங்க தண்ணியே இல்ல" என்றாராம்.

அடுத்த வருடம் எல்லாரையும் விட்டார்கள். நாச்சிமுத்துவும் வந்தார். இளைத்திருந்தார். சென்னியம்மாள் அப்போதுதான் ஊரில் உண்மையைச் சொன்னார். ஊர் சிரித்தது.

"ஆட்சி மாறுன பொறகு எல்லாரும் தியாகிதான். எழுதப் படிக்கத் தெரியாதவன் நோட்டீசு அடிச்சானாமா!"

நாமக்கல்லில் ஜெயிலுக்குப் போனவர்களுக்குத் துண்டு போர்த்தினார்கள். நாச்சிமுத்து போகவில்லை. பரமத்தி வேலூருக்கு வாழைத்தார் ஏற்றப் போய்விட்டார். தங்கசாமி எழுந்து நின்று நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், "அப்ப நீ என்ன பண்ணுன?" என்று கேட்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டார். பன்னிரண்டு வருடம் கழித்து என்னிடம்தான் சொன்னார்.

இந்த ஆவணியில் வசந்தாமணியைப் பெண் பார்க்கத் திருச்செங்கோட்டிலிருந்து வந்தார்கள். புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் வழி கேட்டார்கள்.

"அட, சூதாடி நாச்சிமுத்து ஊடுங்களா? ஜெயிலுக்குப் போனவரு?"

டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். வசந்தாமணி இருட்டும் வரைக்கும் தலையில் பூவோடு இருந்தாள். மறுநாள் என்னிடம், "எங்கப்பாகிட்டச் சொல்லிப்போடாத. அவுங்களுக்குப் பஸ் கெடைக்கலையாம்னு சொல்லீட்டேன்" என்றாள்.

எதிராளியின் முகம் பார்த்தே சீட்டைச் சொல்கிறவரிடம் மகள் முகம் எத்தனை நேரம் மறைக்கும்? நான் எழுதப்போகிறேன் என்று கேள்விப்பட்டு அவரே என்னைக் கூப்பிட்டார்.

"எழுதறயாமா சாமி?"

"ஆமாங்க. பேரை மாத்திப் போட்டுடட்டுங்களா?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, "மாத்தாத" என்றார்.

அதனால் மாற்றவில்லை. இதைப் படிக்கிறவர்கள் ஒருவரிடமாவது வாயால் சொல்லுங்கள். லாரியில் போகிறவர்கள் போகிற ஊரில் சொல்லுங்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் சொந்தம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நாச்சிமுத்து ஜெயிலுக்குப் போனது சூதாடி அல்ல. முப்பத்தொரு பேரின் பெயரைச் சொல்லி.