ஒரு பக்கத்தில் அடங்காத இரண்டு வரி

அந்தப் பயிற்சியில் சேர்ந்த எட்டுப் பேரில் அவளுக்குத்தான் நல்ல பெயர். விவசாய அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில் ஆறு மாதம் நடந்தது. இளம் விஞ்ஞானிகளுக்கு ஆராய்ச்சி வரும். அதை அதிகாரிகளுக்குப் புரியும்படி எழுத வராது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. பயிற்சி நடத்திய அம்மாள் அதே கட்டடத்தில் அதிகாரியாக இருந்தவர். அவருடைய சட்டம் ஒன்றுதான்: குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருவர் தந்திரமாக எழுத்தின் அளவைச் சுருக்கிப் பார்த்தார். இதைப் படிக்க அமைச்சருக்கு எறும்புக் கண் வேண்டுமே என்று அம்மாள் கேட்க, அவர் முகம் போன போக்கைப் பார்த்து அறையே சிரித்தது.

அவளுடைய குறிப்பு அவள் உருவாக்கிய ஒரு புது மக்காச்சோள ரகத்தைப் பற்றியது. எழுதி முடித்தபோது ஒரு பக்கமும் இரண்டு வரியும் வந்தது. மேலிருந்து கீழே தேடினாள். ‘மூன்று ஆண்டுகள், ஐந்து பண்ணைகளில் செய்த சோதனை’ என்று தன் உழைப்பை விவரிக்கும் இடமும் இரண்டு வரிதான். அதில் கை வைக்க மனம் வரவில்லை. கடைசியில், ‘சோதனைகள் எல்லாம் பாசன வயல்களில் நடந்தவை, மழையை மட்டுமே நம்பிய நிலத்தில் இந்த ரகம் எப்படி விளையும் என்று தெரியாது’ என்று இருந்தது. அதை எடுத்தாள். பக்கம் கச்சிதமாக அமைந்தது. தேவையென்றால் அதிகாரிகள் கேட்பார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒருவரும் கேட்கவில்லை. குறிப்பு கைமாறிக் கைமாறி மேலே போனது. அடுத்த பருவத்தில் எல்லா மாவட்டங்களுக்கும் விதை இறங்கியது.

அவளுடைய அக்காவின் கணவருக்கு நாலு ஏக்கர் நிலம், கிணறு கிடையாது. விதை வாங்க வரிசையில் முதல் ஆளாக நின்றவர் அவர்தான். எங்கள் வீட்டுப் பெண் கண்டுபிடித்த விதை என்று பெருமையடித்து, அக்கம்பக்கத்தில் ஆறு பேரையும் வாங்க வைத்தார். பூக்கும் சமயத்தில் மூன்று வாரம் மழை இல்லை. கதிரில் மணியே பிடிக்கவில்லை. யார் பேச்சையும் கேட்காமல் பழைய விதையே போட்ட ஒருவருக்கு மட்டும் பாதியாவது தேறியது.

அவள் பார்க்கப் போனபோது அத்தான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “மழை கைவிட்டுடுச்சும்மா. அதுக்கு விதை என்ன பண்ணும்?” என்றார். அவளுக்காக அந்த ஆறு பேரிடமும் சண்டை வேறு போட்டிருந்தார். சொந்த வயலில் விளைய வேண்டிய மக்காச்சோளத்தை அந்த வருடம் அக்கா கடையில் வாங்கிச் சமைத்துப் பரிமாறினாள். இவள் தலை குனிந்து சாப்பிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அடுத்த விதைப்புக்குள் எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். வாரம் தவறாமல் போன் செய்தாள். அக்காவின் முழங்கால் வலியை விசாரித்தாள், வெயிலை விசாரித்தாள், சொல்ல வேண்டியதை மட்டும் விழுங்கினாள். நூறு பேர் கூடிய அரங்கில் பேசுகிறவளுக்கு அக்காவிடம் வாய் எழவில்லை.

பிறகு அந்த அம்மாள் அவளைப் பயிற்சி வகுப்புக்கு அழைத்தார். புதிதாக வந்த எட்டுப் பேரிடம் அவளுடைய குறிப்பைப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார். இதில் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது, எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று புகழ்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். தன்னைப் போலவே தூக்கம் கெட்ட கண்களோடு ஒரு பெண் அந்தத் தாளில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

“இதுல இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்,” என்றாள். என்ன வரி, எதற்காக எடுத்தாள், அதனால் என்ன ஆனது என்று எல்லாவற்றையும் சொன்னாள். கை தட்டியவர்கள் மேசையைப் பார்த்தார்கள்.

அம்மாள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். “அதுக்குப் பதிலா எதை எடுத்திருக்கலாம்?” என்று மட்டும் கேட்டார்.

“என் மூணு வருஷத்தை.”

மாவட்டங்களுக்கு உடனே கடிதம் போக வேண்டும் என்று அம்மாள் எழுந்து போனார். அவள் படிக்கட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தாள். இந்தத் தடவை முழங்காலை விசாரிக்கவில்லை. எதையும் பூசி மெழுகாமல், தப்பு மழையுடையது இல்லை, தன்னுடையது என்று சொல்லி முடித்தாள். அந்த விதையை அத்தான் தொடவே கூடாது என்றாள்.

அக்கா சொன்னாள்:

“நேத்துதான் விதைச்சு முடிச்சார். ரெண்டு ஏக்கர் கூடுதலா குத்தகைக்கு எடுத்து. நம்ம பொண்ணோட விதை தோத்துப்போச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாதாம்.”