சீமைக்குட்டிக்கு நாலு பேர் போட்ட சோறு

உலகச் சண்டை நடந்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. மேடு வந்தால் ஆம்பிளைகள் இறங்கித் தள்ள வேண்டும். அப்படி ஒரு பஸ்ஸில்தான் சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் அந்தக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பிறந்து ஐம்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் என் மடி கொள்ளவில்லை. தலை ஒரு பக்கமும் பின்னங்கால்கள் ஒரு பக்கமுமாகத் தொங்கின. பக்கத்தில் இருந்த அம்மாள் கன்றுக்குட்டியா என்று கேட்டாள். நாய் என்றதும் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். நல்லதாகப் போயிற்று என்று நான் காலை நீட்டிக்கொண்டேன்.

என் அண்ணன் சூரமங்கலத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தார். அங்கிருந்த ஒரு துரை மாற்றலாகிப் போகும்போது தன் நாய் போட்ட குட்டிகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் ஆட்டுப்பட்டி இருந்தது. ஆடுகள் ஈனும் சமயம் நரி வந்து இளங்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பெரிய நாய் ஒன்று வேண்டும் என்று என் வீட்டுக்காரர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாழப்பாடியில் என் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு இரண்டு பேரும் திரும்பும் வழியில் துரை வீட்டில் இறங்கினோம். தாய் நாய் என் இடுப்பு உயரம் இருந்தது. அதன் ஜாதிப் பேரைச் சொன்னார்கள், என் வாயில் நுழையவில்லை.

துரைசானி சொன்னதை அவர்கள் வீட்டுச் சமையல்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். ஒரு நாளைக்கு நாலு வேளை, வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம். ராகிக் கூழோ கோதுமைக் கஞ்சியோ காய்ச்சி, அதில் வெந்த கறி கொஞ்சம் மசித்துப் போட வேண்டும். நெய், இனிப்பு இரண்டும் ஆகாது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். "இது பெரிசா வளர்ற ஜாதிம்மா. ஆசைப்பட்டுக் கொழுக்க வச்சீங்கன்னா எலும்பு பாரம் தாங்காது, முன்னங்கால் வளைஞ்சு போயிடும்" என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டிலோ ஒரு ஜீவன் மெலிந்து இருந்தால் அந்த வீட்டுக்கே மானக்கேடு. மாடு மினுமினுவென்று இருக்க வேண்டும், எருமை உருண்டு திரண்டு இருக்க வேண்டும். வந்த விருந்தாளிக்கு இலையில் மூன்றாம் தடவை சோறு விழாவிட்டால் மாமியாருக்குத் தூக்கம் வராது. நான் கிண்ணத்தை எடுத்துக் காட்டியதும் அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அளந்து போட்டா எலிக்குப் பத்துமா?" என்று கேட்டார். மாமனார் பேச்சையே வேறு பக்கம் கொண்டு போனார். ஆட்டைக் காக்க நாய், நாயைக் காக்க ஓர் ஆள் என்றால் குடியானவன் உருப்பட்ட மாதிரிதான் என்றார். அன்றிலிருந்து குட்டிக்கு அவர் வைத்த பேர் "அந்தச் சனியன்".

மாமாவும் அத்தையும் கவுச்சி தொடமாட்டார்கள். அதனால் கட்டுத்தறிக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, தனிச்சட்டியில் நான் காய்ச்சினேன். கிண்ணத்தில் அளந்துதான் போட்டேன். ஒரு மாதத்தில் குட்டி பெருத்தது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் நின்று பார்த்து மெச்சினார்கள், அத்தை கண்ணேறு படும் என்று கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார். இரண்டாம் மாதம் வயிறு தரையைத் தொடப் பார்த்தது. பிறகுதான் முன்னங்கால்களைக் கவனித்தேன். மணிக்கட்டுகள் புடைத்து, பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. நாலடி ஓடினால் உட்கார்ந்துகொண்டது.

சமையல்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. கிண்ணத்தை முக்காலாக்கினேன், பிறகு அரையாக்கினேன். குட்டி இன்னும் பெருத்தது. தண்ணீர் குடித்தே ஊதுகிறதா என்றுகூட யோசித்தேன். நான் பட்டினி போடுகிறேன் என்று அத்தை முணுமுணுத்தார். தை மாதம் ஆடு ஈனும்போது ஓட முடியாத நாய் எதற்கு, எருமப்பட்டிச் சந்தைக்கு வருகிற யாரிடமாவது பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் சொல்லிவிட்டார். கால் விளங்காத நாயை யார் வைத்துக் காப்பாற்றப் போகிறார்கள்? கூட்டிக்கொண்டு போகிறவன் வழியிலேயே விட்டுவிட்டுப் போவான். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை. மாமா பல் விளக்கிக்கொண்டிருந்தார், அத்தை சாணி தெளித்துக்கொண்டிருந்தார், என் வீட்டுக்காரர் ஏரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருந்தார். குட்டி தள்ளாடிக்கொண்டே வாசல் நடுவுக்கு வந்து, முதுகை வளைத்து, எல்லாவற்றையும் கக்கியது. நாலு பேரும் ஓடிப்போய்ச் சுற்றி நின்றோம்.

முதலில் நெய்ச்சோறு கிடந்தது. நான் அத்தையைப் பார்த்தேன், அத்தை சாணிச் சட்டியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் மெல்லாமல் விழுங்கிய அவித்த முட்டை இரண்டு. அடைக்கு வைத்த முட்டை குறைகிறது, கீரிதான் தின்கிறது என்று பத்து நாளாகச் சொல்லி வந்தவர் என் வீட்டுக்காரர். அவர் ஏரை மெதுவாக இறக்கி வைத்தார். ஓரத்தில் தோசைத் துண்டுகள் கிடந்தன. அது என்னுடையது. கிண்ணத்தை அரையாக்கியதிலிருந்து அதன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், நான் தின்கிற தோசையில் ஒன்றை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோய்ப் போட்டு வந்தேன். ஊருக்கெல்லாம் அளவு சொன்னவள் நான்தான்.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. சந்தையில் விற்கிற, வெல்லம் போட்டு எண்ணெயில் சுட்ட கச்சாயம். வீட்டில் கச்சாயம் சுட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. வாரம் தவறாமல் சந்தைக்குப் போகிறவர் ஒருவர்தான். மூன்று பேரும் அவர் பக்கம் திரும்பினோம். மாமா வாய் நிறைய வேப்பங்குச்சியை வைத்துக்கொண்டு கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் சிரித்தது அத்தைதான். சாணிக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அந்தக் கால்களை வளைத்தது நாங்கள் நாலு பேரும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மாமா வாய் கொப்பளித்துவிட்டு வந்து, என்னைக் காட்டிச் சொன்னார்: "இனிமே இதுக்கு அவொ ஒருத்திதான் சோறு போடோணும். நானே வந்து கேட்டாலும் அவொ பேச்சுத்தான்."

சொல்வது சுலபம். குட்டி கிண்ணத்தை நக்கித் தீர்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. தோசையை என் பசி அடங்கும்வரை நானே தின்றேன். கார்த்திகையில் தொப்பை வற்றியது. மார்கழிப் பனியில் அதைக் கயிற்றில் பிடித்து வரப்பு மேல் மெதுவாக நடத்திக்கொண்டு போனேன். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. பாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நேரே திரும்பின. ஒருநாள் கயிற்றை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடியது. வரப்பு முழுக்க ஓடித் திரும்பி வந்தது, நடுவில் உட்காரவே இல்லை. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் பட்டிக்குப் பக்கத்தில் அதற்குக் குடிசை போட மூங்கில் வெட்டினார். சந்தைப் பேச்சு அதோடு போயிற்று.

தையில் பட்டிப் பொங்கல் வந்தது. மாமா ஒவ்வொரு மாடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பொங்கலை உருட்டி வாயில் ஊட்டிக்கொண்டு வந்தார். கடைசி எருமைக்கும் போட்டான பிறகு உருளியில் ஓர் உருண்டை மிஞ்சியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நாய் முன்னால் போய் நின்றார். அது நாலு காலையும் நேரே ஊன்றி நின்றது. அவர் என் பக்கம் திரும்பினார். அவர் வந்தால் நாங்கள் எல்லாரும் எழுந்து நிற்கிற வீடு அது.

"பட்டியில அல்லாருக்கும் போட்டாச்சு. இதுக்கும் ஒரு வாய் போடட்டுமா சாமி?"

பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி என்னைச் சாமி என்றார். கிட்டப் போனேன். அவர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டே நின்றார். உருண்டையில் பாதியைக் கிள்ளி எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன்.

"இம்புட்டுத்தானுங்க மாமா."

"செரி சாமி" என்றார் அவர். மிச்சத்தை நாய்க்கு நீட்டினார்.