பெரிய மகனுக்கு ஒரு பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பொறுப்பு என் கைக்கு வந்தது. எங்கள் சபை ஆராதனைக்குப் பாட்டு எடுக்கும் பொறுப்பு.

சிரிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனால் எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் இன்று என் பெயரில் ஓடுகிற பனியன் கம்பெனி என்ன, மாமனார் சீதனமாகக் கொடுத்ததா?

வழக்கமாகப் பாட்டு எடுப்பவர் ஜெயசீலி டீச்சர். அன்றைக்கு வாசிக்கிற வேதபாடத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஐந்து பாட்டு எடுத்து, எண்களைப் பலகையில் மாட்டிவிடுவார். மகளுக்குப் பிரசவம் என்று அவர் பெங்களூர் போய்விட்டார். இந்த வாரம் யார் எடுப்பது என்று போதகர் கமிட்டியில் கேட்டார். டிகிரி படித்தவர்கள் எல்லாம் குனிந்து செல்போனைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

பொருத்தம் பார்ப்பது எனக்குப் புதுசா? சட்டைத் துணி ஒரு லாட்டில் சாயம் ஏறி வரும், காலர் வேறு லாட்டில் வரும். இரண்டும் ஒரே நீலம்தான் என்று சாயப்பட்டறைக்காரர் சத்தியம் செய்வார். வெயிலில் கொண்டுபோய் வைத்து, இது வேறு, அது வேறு என்று சொல்கிற கண் எனக்கு. அந்தக் கண்ணுக்கு ஐந்து பாட்டு எம்மாத்திரம்?

அன்றைய பாடம், கெட்டுப்போன இளைய மகன் கதை. சர்ச் பக்கம் வராதவர்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சின்னவன் சொத்தில் பங்கு வாங்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருகிறான். அப்பா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து விருந்து வைக்கிறார். வயலில் பாடுபட்டுவிட்டு வந்த பெரியவன், உள்ளே வரமாட்டேன் என்று வெளியிலேயே நிற்கிறான். அப்பா வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா? அதை வேதம் சொல்வதில்லை...

எங்கள் சபை எஸ்தரம்மா வீட்டில் அச்சு அசலாக இதே கதை நடந்துகொண்டிருந்தது. சின்ன மகன் டேனியல் பங்கைப் பிரித்துக்கொண்டு தாராபுரத்தில் ஹோட்டல் வைத்தான். அதை மூடிவிட்டுப் போன மாதம்தான் வீடு திரும்பினான். பெரியவன் சாமுவேல், அப்பா இறந்ததிலிருந்து நிட்டிங் மெஷின்களோடு மாரடிக்கிறவன். தம்பி வந்ததிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சர்ச்சில் தம்பி முன் பெஞ்ச் என்றால் இவன் கடைசி பெஞ்ச்.

மகன் திரும்பி வந்ததற்காக எஸ்தரம்மா அந்த ஞாயிறுதான் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்திருந்தார். அவருக்கு ஒரே ஆசை — இரண்டு பிள்ளைகளும் அன்றைக்கு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும்.

நான் விடுவேனா? வா என்று கூப்பிடுகிற பாட்டு, வந்துவிட்டேன் என்கிற பாட்டு, அழுகிற பாட்டு, அணைக்கிற பாட்டு, கடைசியில் விருந்துப் பாட்டு. ஒரு நூல் பிசகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரி பட்டியலை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அஞ்சும் சின்னவன் பாட்டாவே இருக்குதுங்களே. சாமுவேலும் வருவானுங்க."

வரட்டும், வந்து பாடட்டும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை. முதல் பாட்டு அமர்க்களம். இரண்டாவதில் எல்லோரும் டேனியலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவதில் பெண்கள் பக்கம் கண்ணைத் துடைத்தார்கள். சாமுவேல் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தான். நான்காவது பாட்டில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே போய் பைக் பக்கத்தில் நின்றுகொண்டான்.

பார்த்தீர்களா? டீச்சர் இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது இவ்வளவு பொருத்தமாக எடுத்திருப்பாரா? வேதத்தில் இருக்கிறபடியே பெரியவனை வெளியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

எஸ்தரம்மா திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். கையில் இருந்த காணிக்கைக் கவர் கசங்கியது. அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. கதைப்படி அப்பா போக வேண்டும். அவர் இல்லை. பிரசங்கம் தொடங்கியதும், பாட்டு எடுத்தவன் போனேன்.

"உள்ள வா கண்ணு. அம்மா பாக்குது."

அவன் என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தான்.

"ஏனுங்ணா, அதுல ஊட்டோட இருந்தவனுக்கு ஒரு பாட்டுகூட இல்லீங்களா?"

இல்லாமலா போகும் என்று புத்தகத்தைத் திறந்தேன். புரட்டினேன்... புரட்டிக்கொண்டே இருந்தேன். தொலைந்தவனுக்கு இருக்கிறது, விழுந்தவனுக்கு இருக்கிறது, நோயாளிக்கும் கடலில் போகிறவனுக்கும் இருக்கிறது. தினமும் காலையில் ஷெட்டைத் திறந்து ராத்திரி பூட்டுகிறவனுக்கு? என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"இல்ல சாமி" என்றேன். "கடைசிப் பாட்டு இன்னும் பாடல. அத நீயே எடு."

விளையாடுகிறேன் என்று நினைத்தான். பிறகு வாங்கிப் புரட்டினான். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நீட்டினான்.

கிறிஸ்துமஸ் பாட்டு. அதுவும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில்... டீச்சர் கேட்டால் மயங்கி விழுவார்.

"சின்னதுல ரெண்டு பேரும் ஊடு ஊடா கேரல் பாடப் போவமுங்க" என்றான். "நான் பாடுவேன், அவன் டிரம் அடிப்பானுங்க. ஒருநாளும் தாளம் சேராது."

பிரசங்கம் முடிந்ததும் நான் உள்ளே போய்ப் போதகரிடம் புதிய எண்ணைக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் அறிவித்துவிட்டார். சபை பேய் முழி முழித்தது. கீபோர்டுக்காரர் ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பித்தார்.

இரண்டாவது வரியில் முன் பெஞ்சிலிருந்து டமடம என்று சத்தம். டேனியல் பெஞ்சுப் பலகையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தான். தாளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

சாமுவேல் வாசலுக்கு வந்து நின்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று நடந்து முன்னால் வந்தான். தம்பி அடிப்பதை நிறுத்தாமல் நகர்ந்து இடம் விட்டான். இவன் உட்கார்ந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்து, சரியான இடத்தில் பலகையில் தட்டவைத்தான்.

"இங்கடா" என்றான். ஒரு மாதத்தில் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை.

எஸ்தரம்மா இரண்டு பேரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கலைந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி நேராகப் பலிபீடத்தையே பார்த்துப் பாடினார்.

நோன்பு நாளில் கிறிஸ்துமஸ் பாட்டு எப்படி எடுக்கலாம் என்று வருகிற கமிட்டிக் கூட்டத்தில் என்னை விசாரிக்கப் போகிறார்களாம். விசாரிக்கட்டும். எனக்குச் சாட்சி சொல்ல எஸ்தரம்மா வருகிறார் — பக்கத்துக்கு ஒரு பிள்ளையோடு.