தோளில் கிடந்த துண்டு

என் தம்பி பன்னிரண்டு வருடம் தொழில்முறைக் குத்துச்சண்டை போட்டான். பெங்களூர், டெல்லி, கோவா என்று போவான். பெரும்பாலும் தோற்றுத்தான் வருவான். அவனைக் கூப்பிடுவதே அதற்குத்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. வளர்ந்துவரும் பையன்களுக்குப் பெயர் வர வேண்டுமானால், விழாமல் நின்று அடி வாங்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இவன்.

காரைக்குடியில் யாரும் அவன் சண்டையைப் பார்த்ததில்லை. திரும்பி வரும் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் பெயின்ட் கடைக்கு வருகிறவர்கள், "என்னப்பா, இந்தத் தடவை எந்தக் கன்னம்?" என்று கேட்பார்கள். எடை குறைக்க அவன் சித்திரை வெயிலில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு குன்றக்குடி ரோட்டில் ஓடுவான். பஸ்ஸிலிருந்து, "மழ வருதுடோய், குடைய எடு!" என்று கத்துவார்கள். அவன் சிரித்துக்கொண்டே ஓடுவான். தண்ணீர் பாட்டிலோடு சைக்கிளில் பின்னால் போகும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். நாலு பேர் பார்த்தாலே எனக்கு அப்படித்தான்.

ஒருநாள், இடது கண்ணில் ஓரமாகத் திரை இறங்கியது போல் இருக்கிறது என்றான். மதுரைக்குக் கூட்டிப்போனேன். விழித்திரை கிழிந்திருக்கிறது என்று சொல்லி டாக்டர் சரிசெய்தார். "இந்தக் கண்ணுல இன்னொரு தடவ பலமா அடி விழுந்தா பார்வை போயிரும். அப்புறம் எங்கிட்ட வந்து பிரயோஜனமில்ல" என்றார். தம்பி சண்டையை விட்டுவிட்டான்.

எட்டு மாதம் கழித்து காரைக்குடியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் குத்துச்சண்டை ஏற்பாடு செய்தார்கள். எதிராளி சென்னைப் பையன். உள்ளூர் ஆள் ஒருவன் வேண்டும் என்று எங்கள் தாய்மாமாவைப் பிடித்தார்கள். மாமா வீட்டுக்கு வந்து காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"வெளியூர்ல பூராம் அடி வாங்குனவன், சொந்த ஊர்ல ஒருக்கா நின்னு காட்டக் கூடாதா மாப்ள? இல்ல, கண்ணுதான் பெருசுன்னா வீட்லயே இரு. ரெண்டு கண்ணாலயும் செவத்தப் பாத்துக்கிட்டிரு."

தம்பி ஒப்புக்கொண்டான். போட்டிக்கு முன் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரிடம் கண் விஷயத்தை மறைத்தான். சண்டை மேடையின் மூலையில் உதவிக்கு நிற்க என்னைத்தான் கேட்டான்.

"நானா நிறுத்த மாட்டேண்ணே. பன்னெண்டு வருஷத்துல நிறுத்துனதில்ல. கண்ணு மங்குச்சுன்னா இடது கையால தொடையில தட்டுவேன். நீங்க துண்ட உள்ள எறிஞ்சிருங்க, சண்டைய நிறுத்திருவாக. எறிவீகள்ல?"

"எறிவேன்டா."

மண்டபம் நிரம்பிவிட்டது. மாமா எனக்குப் பின்னால் முதல் வரிசையில் இருந்தார். முதல் மூன்று ரவுண்டும் தம்பிதான் அடித்தான். கன்னத்தைப் பற்றிக் கேட்கும் வாடிக்கையாளர் ஒருவர் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். "இவருதான் அண்ணன்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

நான்காவது ரவுண்டில் அடி இடது கண்ணில் விழுந்தது. தம்பி தொடையில் தட்டினான். என் கை தோள் துண்டுக்குப் போனது. மாமா பார்த்துவிட்டார்.

"ஏய், என்ன பண்றே? நம்ம வகையறால எவன் காலடியிலயாவது துண்டப் போட்ருக்கமா? உங்கப்பன் போட்டானா? போட்டேன்னா அப்படியே அங்குட்டுப் போயிரு, ஊருக்குள்ள வராத."

எங்கள் பக்கம், கூட்டத்தில் தோள் துண்டை எடுத்து ஒருவன் காலடியில் போடுகிறவன் குற்றம் செய்து மன்னிப்புக் கேட்கிறவன். பிறகு அவன் குடும்பத்தையே அந்தத் துண்டைச் சொல்லித்தான் பேசுவார்கள். நான் துண்டைப் பிடித்தபடி நின்றேன். தம்பி மறுபடி தட்டினான். மணி அடித்தது.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் கேட்டான்: "அண்ணே, பாக்கலையா?"

"பாக்கலடா. கூட்டம்..."

"சரி. இப்பப் பாருங்க."

தம்பி எழுந்து போனான். ஐந்தாவது ரவுண்டு தொடங்கியதுமே தட்டினான். தட்டும்போது அந்தக் கை கீழே இறங்கும். சென்னைப் பையன் அதைக் கண்டுகொண்டான். கை இறங்கும்போதெல்லாம் இடது கண்ணிலேயே குத்தினான். எத்தனை தடவை தட்டினான் என்று எனக்குத் தெரியும். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டான். ஆறாவது ரவுண்டு முடியும்வரை விழாமல் நின்று தோற்றான்.

கூட்டம் எழுந்து கைதட்டியது. மாமா மேலே ஏறி, என் தோளிலிருந்த துண்டை உருவி அவன் கழுத்தில் போட்டு, "இப்பத்தான்டா நம்ம பய!" என்றார்.

தண்ணீர் வாளியை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். போட்டி நடத்தியவர்கள் கொடுத்த பூத்துண்டு ஒன்று வாளி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எறிவதற்கென்றே கொடுத்தது. அது யாருடைய தோளிலும் கிடந்ததில்லை. அதை எறிந்திருந்தால் மாமாவுக்குக்கூடச் சொல்ல ஒன்றுமில்லை.

இடது கண் போய்விட்டது. இப்போது தம்பி அதே மண்டபத்தில் காவலுக்கு இருக்கிறான். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கண்ணைப் பற்றிக் கேட்டால், நான் பக்கத்தில் இருக்கும்போதும் சொல்வான்: "எங்க அண்ணனுக்குக் கூச்சம். கூட்டத்தக் கண்டா தலையத் தொங்கப் போட்ரும். எனக்கு ஒரு கண்ணு போச்சு, அதுக்கு ரெண்டு இருந்தும் பாக்கல."

எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். நானும் சிரித்துவைப்பேன்.