ரெய்டு அக்கா

வார்டு அலமாரியில் பஞ்சுச் சுருள்களுக்குப் பின்னால் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, ரெய்டு அக்கா இரண்டு குளுக்கோஸ் பாட்டில்களை வெளியே இழுத்தார். “ஐயோ பாவம், எத்தனை நாளா இருட்டுல கிடக்கிறீங்க?” என்று பாட்டில்களைத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ், கூரையில் ஏதோ அதிசயம் தெரிவதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோருக்கு இவர்தான் பொறுப்பு. நர்ஸுகள் வைத்த பெயர் ‘ரெய்டு அக்கா’. குட்டையான, பருத்த உடம்பு, ரப்பர் செருப்பு. இவர் மாடிப்படி ஏறும் முன்பே செய்தி மேலே போய்விடும். அலமாரிகள் படபடவென்று சாத்தப்படும். ஊசி மருந்து கையுறைப் பெட்டிக்குள் போகும். களிம்பு தலையணை உறைக்குள் போகும். திருடுகிறவர்கள் யாரும் இல்லை. நாளைக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயம், அவ்வளவுதான். ஒளித்து வைத்தவர்களே அதை மறந்துபோவதும் உண்டு. “அங்க மருந்து கெட்டுப்போகுது, இங்க நோயாளி கேட்டு அழுவுறான். இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல?” என்று தலையில் அடித்துக்கொள்வார்.

கூத்து என்றாலும் அதைத் தலையில் போட்டுக்கொண்டவர் இவர் ஒருவர்தான். முன்பெல்லாம் நோயாளியின் சொந்தக்காரர்கள் சீட்டும் கையுமாக வெளிக்கடைக்கு ஓடுவார்கள். இப்போது அந்த ஓட்டம் அநேகமாக நின்றுவிட்டது. போன மாதக் கணக்கைப் பார்த்து இந்த மாத மருந்தை வாங்குகிற வழக்கம் இவருக்கு ஆகாது. “நோய் என்ன காலண்டர் பார்த்தா வருது?” என்பார். காலையில் வீட்டுக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கலங்கலாக இருந்தால் காபி அப்புறம்தான். முதலில் மருந்துக் கிடங்குக்குப் போன்: வயிற்றுப்போக்குக்கு வேண்டிய சலைன் கூடுதலாக அனுப்பச் சொல்லி. அவர் சொன்னால் சொன்னபடி வார்டு நிரம்பும். அப்படி ஒரு மனுஷி!

சீக்கிரம் காலாவதியாகிற மருந்து முதலில் வெளியே போகவேண்டும் என்பது ஸ்டோரின் சட்டம். அதை ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்தபடி போனில் விளக்கியிருக்கிறார்: “முதல்ல சாகப்போறதை முன்னால வை. பின்னால இருக்கிறதுக்கு இன்னும் ஆயுசு இருக்கு.” முன் சீட்டுப் பெரியவர் எழுந்து கடைசி சீட்டுக்குப் போய்விட்டாராம். வீட்டு ஃப்ரிட்ஜிலும் இதே சட்டம்தான். “கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, என்னை எந்த வரிசைல வெச்சிருக்கான்னு கேக்கவே பயமா இருக்கு” என்பார் மெக்கானிக் கணவர்.

இப்படிப்பட்டவரின் ஸ்டோரில் ஒரு மதியம் வலிப்பு ஊசி தீர்ந்துபோனது. முந்தின நாள் வந்த நோயாளிகளுக்கே எல்லாம் செலவாகிவிட்டது. மருந்து வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பிரசவ வார்டுக்கு ஒரு பெண், ரத்தக் கொதிப்பு ஏறி, வலிப்போடு வந்து சேர்ந்தாள். வெளிக்கடைகளிலும் கேட்டாயிற்று, இல்லை.

ரெய்டு அக்கா தீவிர சிகிச்சை வார்டுக்கு ஓடினார். அங்கே தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள்.

“சிஸ்டர், வலிப்பு ஊசி இருக்கா?”

“சத்தியமா இல்லக்கா.”

“புள்ளத்தாச்சிப் பொண்ணு சிஸ்டர். துடிக்குது.”

“இருந்தா குடுக்கமாட்டேனா?” என்றார் பெரிய சிஸ்டர். முகம் வெளுத்துவிட்டது.

இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் தெரியும். போன மாதம் பக்கத்து வார்டில் பிடித்த மருந்தை அக்கா மேலதிகாரிக்கு எழுதிப் போட, அந்த நர்ஸுக்கு மெமோ வந்தது. அன்று முதல் யாரும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. நாம் செய்த காரியம்தான் இங்கே வந்து நிற்கிறது என்று அக்காவுக்குச் சுருக்கென்றது. அலமாரிகளோ வரிசையாக நின்றன. தேடினால் பொழுது போகும், உயிரும் போகும்.

அக்கா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் எதையும் பார்க்கல சிஸ்டர். எங்க இருந்து எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியவே வேணாம். எடுத்துக்கிட்டு ஓடுங்க!”

முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் இழுபடும் சத்தம். தகர டப்பாவின் மூடி திறந்தது. நடந்தே பழகிய பெரிய சிஸ்டர், தடதடவென்று ஓடினார்.

ஊசி போட்டதும் வலிப்பு அடங்கியது. அறுவை சிகிச்சையில் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சாயங்காலம் பெரிய சிஸ்டர் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். “எழுதிப் போடப்போறீங்களாக்கா?” என்று கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. “ஆசைப்பட்டா ஒளிச்சு வெச்சேன்? ஞாயித்துக்கிழமை உங்க ஸ்டோர் பூட்டிக் கிடக்கு. அன்னிக்கு ஒருத்தருக்கு வலிப்பு வந்தா, நான் யார் கதவைத் தட்டுவேன்? நீங்களே சொல்லுங்க.”

எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருக்கிற அக்கா கோட்டுப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வளையம் இறுகிக் கிடந்தது. நகம் உடைந்தும் அக்கா விடவில்லை. சூப்பரிண்டெண்டென்ட் கேட்டுக்கூடத் தராத, ஸ்டோரின் இரண்டாவது சாவியைக் கழற்றிப் பெரிய சிஸ்டரின் உள்ளங்கையில் வைத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.