நாலாவது கதிரை

கடலில் ஆபத்தில் சிக்கியவர்கள் கரைக்குத் தகவல் அனுப்ப ஒரு செயலியை, குருநகரில் சின்ன அறையொன்றில் நானும் என் கூட்டாளியும் உருவாக்கிக்கொண்டிருந்தோம். அதன் திரையை வடிவமைக்க ஆள் தேடியபோதுதான் கரவெட்டியிலிருந்து அந்தப் பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். மெலிந்த கையில் ஆண்கள் கட்டும் பெரிய மணிக்கூடு. பேசுமுன் தலையைச் சரித்து, யாருக்கோ காது கொடுப்பது அவர் பழக்கம்.

செயலி யாருக்கென்று சொல்லாமல், எழுத்தில்லாத பொத்தான்களை மட்டும் காட்டிக் குறை கேட்டோம்.

"இன்னொரு கதிரை தருவியளே, அண்ணை?"

"ஆருக்கு?"

"இதைப் பாவிக்கிற ஆளுக்கு."

நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம்; நாலாவது கதிரையைப் போட்டேன். அதன் முன் கைபேசியை வைத்துவிட்டு வெறுங்கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை ஈரம். பொத்தான் வழுக்குது. பெருவிரலுக்கும் எட்டேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூட்டாளி சிரிக்கவில்லை.

"எந்தக் கை?" என்று கேட்டான்.

"இடக்கை."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். கடலுக்குப் போய்த் திரும்பாத தன் அப்பா இடக்கைக்காரர் என்பதை அன்று பின்னேரம்தான் எனக்குச் சொன்னான்.

பொத்தானை இடப்பக்கம் மாற்றினோம். மறுநாள், வேலைக்கு வரும்படி அவரை அழைத்தேன்.

"நான் வரேல்லை, அண்ணை. உங்கடை அறையிலை கதிரையள் போதாது."

"நாலு கதிரை கிடக்குது. நாங்கள் இருக்கிறதே ரெண்டு பேர்."

"ஓம். ஆனா பாவிக்க வந்த ஆக்களிலை ஒராள்தான் நேற்றுக் கதிரையிலை இருந்தவர். மற்றவை எல்லாரும் சுவரோரமா நிண்டுகொண்டெல்லே இருந்தவை."

அதன் பிறகு அந்த அறையில் நான் சுவரில் சாய்வதில்லை.