அடிப்பக்கம் திறக்கிற அக்கா

தொழிற்சாலைக் கேண்டீனுக்குச் சரக்கு வாங்குகிறவளை அங்கே எல்லோரும் சி.ஐ.டி. அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் லேசில் நம்புகிற ஜென்மம் இல்லை. பெற்ற பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால், வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் முன் அன்றைக்கு என்ன பரீட்சை என்று பார்ப்பாள்.

டின் மீன் என்றால் கேட்கவே வேண்டாம். மூடியில் இருக்கும் வளையத்தை இழுத்து உலகமே திறக்கும். அவள் டின்னைக் குப்புறப் போட்டு அடிப்பக்கத்தை அறுப்பாள். "மேல பளபளன்னுதான் அடுக்குவான். அடியிலதான் அவன் லட்சணம் தெரியும்" என்பாள். பதினாறு வருடத்தில் ஒன்பது கம்பெனிக்காரர்கள் அப்படி மூஞ்சி சுண்டித் திரும்பியிருக்கிறார்கள்.

அன்று மத்தி டின்னோடு வந்து நின்றவன் அவள் கூடப்பிறந்த தம்பி. விற்பனை வேலையில் சேர்ந்து மூன்று மாதம். இன்னும் ஓர் ஆர்டர்கூடப் பிடித்தபாடில்லை.

"இன்னிக்கும் வெறுங்கையோட போனா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கக்கா."

"அதை மீன்கிட்ட சொல்லு. என் நாக்குக்குத் தம்பி, தங்கச்சி எல்லாம் கிடையாது."

வெந்நீரில் வாய் கொப்பளித்தாள். டின்னைக் கவிழ்த்து அறுத்தாள். நான்கு மத்தி, தோல் உரியாமல், புதுக் கரண்டி போல மின்னின. முள்ளை விரலிடுக்கில் நசுக்கினாள், மாவாய்ப் போனது. ஒரு மீனைப் பிட்டு வாயில் போட்டாள். உப்பு அளவு. எண்ணெயில் காறல் இல்லை.

குறையே இல்லை. அதுதான் அவளுக்கு இடித்தது.

தம்பியைப் பார்த்தாள். சின்ன வயதில் அவளுடைய பென்சிலைத் திருடிவிட்டு அவன் கூரையைப் பார்ப்பான். இப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மிச்ச மூன்று மீனையும் தட்டில் எடுத்து வைத்தாள். அதற்குக் கீழே, மூடிப் பக்கம் முழுக்க உடைசல். வாலும் துண்டுமாக நொறுங்கிக் கிடந்தது.

"ஏன்டா, எவனாவது நல்ல மீனை அடியில ஒளிச்சு வச்சுட்டு உடைசலை மூடிப் பக்கம் வைப்பானா? என்னைத் தெரிஞ்ச களவாணியைத் தவிர?"

"நீ அடியிலதான திறப்ப... அடுக்குறவங்ககிட்ட கெஞ்சி, இந்த ஒரு டின்னை மட்டும்..."

"மத்ததெல்லாம்?"

"முழுக்க உடைசல்தான்க்கா."

திட்டுவதற்குத் திறந்த வாயில் உடைசலைக் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். மென்றாள். மறுபடியும் மென்றாள். அதே ருசி. கேண்டீனில் ரொட்டிக்கு நடுவில் வைக்க எப்படியும் மசிக்கத்தான் போகிறார்கள்.

தாளை இழுத்து எழுதினாள்: 'உடைந்த மீன். சுவை நன்று. முழுமீன் விலை தர முடியாது. உடைசல் விலைக்கு நூறு டின்.'

தம்பி அதை மூன்று முறை படித்தான். மூக்கை உறிஞ்சினான்.

"காலையில சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா."

அதையும் அவள் நம்பவில்லை. அந்த மூன்று முழு மீனையும் ரொட்டியில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.